மறு: நவபைசாந்தியமா, பைசாந்தியப் புதுக்கமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். உக்ரைனிய ஓவியர் மிஹைலோ போய்ச்சுக்கின் பாணிக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன பெயர் போடுவது என்று இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கும் இழையை இன்று காலைதான் முழுசாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் தனி மடல் போட்டால் உங்கள் பெட்டி நிறைந்துவிடும். அதனால் எல்லாவற்றுக்கும் இதிலேயே பதில் எழுதுகிறேன்.

> ‘நியோ’ என்றால் ‘நவ’. நவகாலனியம், நவசெவ்வியல் எல்லாம் புழக்கத்தில் இருக்கின்றன. ‘நவபைசாந்தியம்’ என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போகலாம்தான் ஐயா. ஆனால் அந்தச் சொல்லில் ஏற்கெனவே வேறொருவர் குடியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பைசாந்திய (இடைக்காலக் கிழக்கு ரோமப் பேரரசின்) குவிமாடங்களைப் பார்த்துக் கட்டிய தேவாலயங்களுக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கீவ் நகரத்துப் புனித வொலோதிமிர் பேராலயம் அந்த வகைதான். 1862இல் தொடங்கி, 1896இல் திருநிலைப்படுத்தினார்கள். உள்ளே ரஷ்ய ஓவியர் வாஸ்னெத்சோவ் முதலியோர் தீட்டிய படங்கள் இருக்கின்றன. உடையும் பொன் பின்னணியும் பைசாந்தியம். முகமும் கண்ணும் அந்தக் காலத்து இயல்புவாத ஓவியம். உருண்டு திரண்ட கன்னம், கண்ணில் ஈரம், எல்லாம் உண்டு.

நாம் சொல் தேடுகிற ஓவியரும் அதே கீவில் வேலை செய்தவர். ஆனால் அவர் செய்தது நேர் எதிர்த்திசை. உடையையும் பொன்னையும் விட்டுவிட்டார். கோடுகளை எடுத்துக்கொண்டார், தட்டையான வண்ணப் பரப்பை எடுத்துக்கொண்டார், உருவங்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் அமைகிற அந்தத் தாளத்தை எடுத்துக்கொண்டார். அப்புறம் அதற்குள் புனிதர்கள் நின்ற இடத்தில் ஆப்பிள் பறிக்கிற பெண்களையும் உழவர்களையும் நிறுத்தினார்கள் அவரும் அவர் தம்பி திமோஃபியும் மாணவர்களும். வெளித்தோற்றத்தை எடுத்தவருக்கும் உள்ளமைப்பை எடுத்தவருக்கும் ஒரே பெயர் என்றால் வாசகர் குழம்புவார். நமக்கு இரண்டு சொல் வேண்டும்.

> அவர் தன் பாணிக்கு என்ன பெயர் வைத்தார்? அதிலிருந்து தொடங்குவதுதானே முறை.

அக்கா கேட்ட இந்தக் கேள்விதான் என் கண்ணைத் திறந்தது. அவர் 1882இல் இன்றைய மேற்கு உக்ரைனில், கலீசியாவின் ரொமானிவ்கா கிராமத்தில் பிறந்தவர். அப்போது அது ஆஸ்திரிய-ஹங்கேரி மண். லிவிவ், வியன்னா, கிராகோவ், மியூனிக் என்று படித்துவிட்டு 1907இல் பாரீஸ் போய்ச் சேர்ந்தார். லிவிவின் பேராயர் ஷெப்திட்ஸ்கிதான் படிப்புக்குக் கைகொடுத்தவர். பாரீஸில் ஓவியர்கள் மொரீஸ் தெனீ, செருசியே வட்டத்தோடு பழக்கம். ‘ஓவியம் என்பது முதலில் ஒரு தட்டையான பரப்பு’ என்பது அந்த வட்டத்தின் பாலபாடம். சின்ன வயதிலிருந்து மரப்பலகைத் திருவோவியங்களை (தேவாலயத்துப் புனிதர் படங்களை) பார்த்து வளர்ந்தவருக்கு அது புதிதாகவா இருந்திருக்கும்?

1910இல் பாரீஸின் ‘சலோன் தெ அந்தெபான்தான்’ ஓவியக் காட்சியில் அவரும் நண்பர்களும் சேர்ந்து படங்களை வைத்தார்கள். தங்கள் குழுவுக்கு அவர்கள் கொடுத்த பெயர் ‘ரெனொவசியோன் பிசாந்தீன்’. கவிஞர் அப்போலினேர்கூட அவர்களைப் பற்றி எழுதினார். கவனியுங்கள், அதில் ‘நியோ’ இல்லை. ‘ரெனொவசியோன்’ என்றால் பழையது ஒன்றைப் பழுதுநீக்கிப் புதிதாக்குவது. ‘நியோ’ என்பது பின்னால் மற்றவர்கள் ஒட்டிய சீட்டு.

> ‘புதுக்கம்’ என்றால் பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி இருக்கிறது. ‘மறுமலர்ச்சி’ என்றால் என்ன குறை?

வெள்ளையடிப்பதைப் பற்றிப் பிறகு. ‘மறுமலர்ச்சி’யில் இரண்டு குறை. ஒன்று, இத்தாலிய மறுமலர்ச்சி அந்தச் சொல்லைப் பட்டா போட்டு வைத்திருக்கிறது. இவரோ மாணவர்களை அதற்கும் முந்தைய இத்தாலிய ஓவியர் ஜோத்தோவிடமும் பைசாந்தியச் சுவர்களிடமும் கூட்டிப்போனவர். ‘பைசாந்திய மறுமலர்ச்சி’ என்றால் அவர் எதைத் தாண்டிப் பின்னால் போனாரோ அதன் பெயரையே அவர் தலையில் கட்டுவதாகும். இரண்டு, மறுமலர வேண்டுமானால் முதலில் வாடியிருக்க வேண்டும். கலீசியக் கிராமத்துத் தேவாலயங்களில் அந்த மரபு வாடவில்லை. கருத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

இங்கேதான் ‘புதுக்கு’ எனக்குப் பிடிக்கிறது. நம் கல்வெட்டுகளில் ‘புதுக்குப்புறம்’ என்று ஒரு சொல் வரும். கோயிலைப் பழுதுபார்க்க எழுதிவைத்த நிலம். புதுக்குவது என்றால் இடித்துக் கட்டுவது அல்ல, பார்த்து நகலெடுப்பதும் அல்ல. இருப்பதை, இருந்த இடத்திலேயே, இன்றைய கையால் நிலைநிறுத்துவது. இது வெறும் உவமை என்று நினைக்காதீர்கள். இந்த மனிதர் நிஜமாகவே அந்த வேலையைச் செய்தவர். பாரீஸிலிருந்து இத்தாலி வழியாகத் திரும்பி, லிவிவ் தேசிய அருங்காட்சியகத்தில் பழைய திருவோவியங்களைச் சீர்செய்தார். செர்னிஹிவ் பகுதியில் லெமேஷி ஊர்த் தேவாலயத்திலும் அதே வேலை. பாரீஸ் நண்பர் கஸ்பெரோவிச் பிற்பாடு அதையே தொழிலாகக் கொண்டார். பழைய பலகையில் சுண்ணமும் பசையும் கலந்த பூச்சின்மேல், முட்டை மஞ்சள் கருவில் குழைத்த வண்ணம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று விரலால் தெரிந்தவர்கள் இவர்கள். அந்த வண்ணம் சட்டென்று உலர்ந்துவிடும், எண்ணெய் வண்ணம் போல இழைத்துக் குழைக்க முடியாது. கோடு கோடாகத்தான் கட்ட வேண்டும். பாணி பாதி அங்கேயே பிறந்துவிடுகிறது.

> ஒருவரின் பாணிக்கு இவ்வளவு யோசனை தேவையா? அவர் பெயரோடு ‘இயம்’ சேர்த்தால் போதாதா?

முதலில், அது ஒருவரின் பாணி அல்ல. 1917 டிசம்பரில் கீவில் உக்ரைனியக் கலைக்கழகம் தொடங்கியபோது முதல் பேராசிரியர்களில் அவரும் ஒருவர். அவரது பட்டறையில் வேலை கூட்டாக நடந்தது, பழைய தச்சர் குழு போல. 1919இல் கீவின் லூத்ஸ்க் படைக்குடியிருப்புச் சுவர்கள், 1920களின் கடைசியில் ஒதேசாவில் உழவர்களுக்கான நலவாழ்வு இல்லம், 1933 முதல் 1935 வரை கார்கிவில் ஒரு நாடக அரங்கு என்று எல்லாம் பல கைகளின் வேலை.

இரண்டாவது, அந்த ‘இயம்’ 1930களில் வசைச்சொல்லாக மாறியது. முதலாளிய தேசியவாதம் என்ற குற்றச்சாட்டோடு சேர்ந்து வந்த முத்திரை அது. 1936 நவம்பரில் சோவியத் அதிகாரிகள் அவரைக் கைது செய்தார்கள். 1937 ஜூலை 13 அன்று மாணவர்கள் பதால்கா, செத்லியார் ஆகியோரோடு சுட்டுக்கொன்றார்கள். மனைவி சோஃபியா நலெபின்ஸ்கா, அவரும் ஓவியர், அதே டிசம்பரில். சுவர்களில் அவர்கள் தீட்டியவற்றை அழித்தார்கள். 1952இல் லிவிவ் அருங்காட்சியகத்தில் மிஞ்சியிருந்த படங்களுக்கும் அதே கதி. வெள்ளையடிப்பது என்று சொன்னீர்களே, அதைச் செய்தவர்கள் எதிர்த்தரப்பில் இருந்தார்கள். ஆகவே ‘இயம்’ தனிப் பதிவாக, வரலாற்றுக் குறிப்போடு இருக்கட்டும். பாணிக்கு அவர்களே வைத்த பெயர் இருக்கட்டும்.

அப்புறம், பெயரை எப்படி எழுதுவது என்ற தொல்லை. ‘மிகைலோ பொய்ச்சுக்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். முதல் பெயரில் மிகை, இரண்டாம் பெயரில் பொய். பாவம், மனிதர் பட்டதெல்லாம் போதாதா? நமக்கு மொழிமுதலில் ஆங்கில ‘b’ ஒலிக்கு எழுத்து இல்லை, சரி. ‘போய்ச்சுக்’ என்று நெடிலாக்கினால் பொய் போய்விடும், ‘போச்சு’ என்ற சாயல் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளலாம். முதல் பெயருக்குக் கிரந்தத்தை அனுமதித்து ‘மிஹைலோ’. இதில் தனித்தமிழ் நண்பர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

பட்டியலுக்கு என் வரைவு:

பைசாந்தியப் புதுக்கம் (பெ.): மிஹைலோ போய்ச்சுக்கும் நண்பர்களும் 1910இல் பாரீஸில் முன்வைத்த ஓவிய நெறி. பைசாந்திய ஓவியத்தின் கோடு, தட்டைப் பரப்பு, அமைப்புத் தாளம் ஆகியவற்றைத் தற்காலப் பொருளுக்குப் பயன்படுத்துவது. (ஒப்பு: நவபைசாந்தியம், கட்டடக்கலை.)

‘மானுமென்டல்’ (கம்பீரமாக நிலைத்து நிற்கிற தன்மையுள்ள) ஓவியத்துக்கு ‘நினைவுச்சின்ன ஓவியம்’ என்று ஐயா எழுதியதை மட்டும் தயவுசெய்து இப்போதைக்கு ஏற்றாதீர்கள். அதில் நினைவும் இல்லை, சின்னமும் இல்லை. ‘பெரிய ஓவியம்’ என்பதும் சரிவராது, போய்ச்சுக்கின் கையகலப் பலகைக்கும் அந்த அடைமொழி பொருந்துகிறது. ‘நிலைபேறு’ என்ற சொல்லை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். தனி இழை தொடங்கினால் வருகிறேன்.