7 வயதுப் பெண்ணுக்கு கலாக்ஷேத்ரா பாணியா, வழுவூர் பாணியா?

திருச்சி_அப்பா:
வணக்கம். மகளுக்கு 7 வயது, பரதம் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளே கேட்கிறாள். பக்கத்தில் இரண்டு வகுப்புகள் இருக்கின்றன. ஒன்று கலாக்ஷேத்ரா பாணி, இன்னொன்று வழுவூர் பாணி என்கிறார்கள். எனக்கு வித்தியாசம் புரியவில்லை. வேலை மாற்றலாகி வேறு ஊருக்குப் போய், அங்கே வேறு பாணி டீச்சர்தான் கிடைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

சலங்கை:
நான் குழந்தைகளுக்குச் சொல்லித்தருகிறேன். கலாக்ஷேத்ராவில் கோடு பிடித்த மாதிரி நேரான கை, கச்சிதமான அடவு (கை கால் சேர்ந்த அடிப்படை அசைவு). ருக்மிணி தேவி பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர், 1936இல் கலாக்ஷேத்ரா என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார், அதனால் பந்தநல்லூர் பாணியின் சாயல் அதில் நிறைய உண்டு. வழுவூர் ராமையா பிள்ளை வழியில் நெளிவும் குழைவும் கூடுதல், சினிமாவிலும் ஆடிய குமாரி கமலா அவரிடம் கற்றவர்தான். ஆனால் 7 வயதில் இதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. எந்தப் பாணியிலும் முதலில் தட்டடவு, நாட்டடவு என்ற தொடக்க அடவுகளும், முட்டியை வெளிப்பக்கம் மடித்துப் பாதி உட்காரும் அரைமண்டியும்தான். பாணி மாறினால் கை வைக்கும் விதமும் சில சொற்கட்டும் (தாளத்துக்குச் சொல்லும் 'தையா தை' போன்ற சொற்கள்) மாறும், கொஞ்ச நாள் குழம்புவாள், அப்புறம் பழகிவிடும். தாளமும் அரைமண்டியும் சரியாக அமைந்திருந்தால் அவை எங்கேயும் கூட வரும்.

வகுப்பில் போய் உட்கார்ந்து பாருங்கள். அரைமண்டியில் முட்டி கால்விரல் பக்கமாகத் திரும்பி இருக்கிறதா, உள்ளே மடிகிறதா, மடிந்தால் டீச்சர் திருத்துகிறாரா? தரையையும் பாருங்கள். கான்கிரீட் மேல் நேராக ஒட்டிய மார்பிளில் தினமும் வெறுங்காலால் தட்டினால் வளரும் குழந்தைக்கு முட்டி வலி வரலாம்.

மதுரைக்காரி:
பரதம் மட்டும்தானா? கோலாட்டம், ஒயிலாட்டம், கும்மி எல்லாம் இந்த வயதுக்கு அவ்வளவு பொருத்தம். பத்துப் பேர் சேர்ந்து ஆடும்போது பக்கத்துப் பிள்ளையின் அடியைக் கவனித்துத்தான் தன் அடியை வைக்க வேண்டும், தாளம் தானாக உடம்பில் ஏறிவிடும். கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயது வரை சேர்த்துக்கொள்கிறார்கள், உங்கள் ஊரில் என்னென்ன சொல்லித்தருகிறார்கள் என்று நேரில் விசாரியுங்கள்.

திருச்சி_அப்பா:
இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு வகுப்பில் இரண்டே வருடத்தில் அரங்கேற்றம் என்கிறார்கள். சாத்தியமா?

சலங்கை:
வேண்டாம் சார். அரங்கேற்றத்தில் அலாரிப்பு என்ற உருப்படியில் தொடங்கி ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா வரை வரிசையாக ஆட வேண்டும். வர்ணம் மட்டுமே அரை மணி நேரத்துக்கு மேல் போகும், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் (ஜதிக்கு ஆடும் வேகமான அடவுக் கோர்வை) மூச்சு வாங்கும், நடுவில் முகபாவத்தால் பொருளைக் காட்டும் அபிநயமும் செய்ய வேண்டும். 9 வயதுக் குழந்தையால் அதை மனப்பாடம் செய்து ஒப்பிக்கத்தான் முடியும். பட்டுப்புடவைக்கும் மண்டபத்துக்கும் பக்கவாத்தியத்துக்கும் ஆகும் செலவும் உங்கள் தலையில்தான். அந்த வகுப்பை விட்டுவிடுங்கள். இன்னொன்றில் தரை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.