ஜெபக்குறிப்புச் சீட்டில் வந்த ஒரு மகனின் அந்தரங்கம்: கூட்டத்தில் வாசிக்கலாமா?

பாளை_வீட்டுஜெபம்:
பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சேகரத்துல (சபை வட்டாரத்துல) செவ்வாய்க்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துதோம். பதினஞ்சு வீடு. கடைசி இருபது நிமிஷம் ஜெபக்குறிப்பு, அதாவது எதுக்காக ஜெபிக்கணும்னு கேட்டு எழுதித் தர்ற சீட்டை வாசிக்கிறது. ஒரு அம்மா சீட்டு குடுத்திருக்காங்க. மகன் சென்னையில வேலை பார்க்கான். தனக்கு ஆண்கள்மேலதான் நாட்டம்னு வீட்டுல சொல்லிட்டானாம். இதை வாசிச்சு எல்லாரும் உபவாசமிருந்து ஜெபிக்கணும்னு சிலர் சொல்லுதாவ. பேய் விரட்டுற விடுதலை ஜெபத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு வேற சிலர். வேதத்தை விட்டு விலகவும் கூடாது, பையனையும் நோகடிக்கக் கூடாது. நடத்துறவங்க என்ன செய்யணும்?

சேகரவாசி:
அண்ணாச்சி, அந்தச் சீட்டை வாசிக்காதிய. ஒருத்தர் காரியத்தை ஜெபக்குறிப்பா குடுக்க அவருக்குத்தான் உரிமை. அம்மா தன் பாரத்தைச் சொல்லலாம், மகன் செய்தியைச் சொல்ல மகன் சம்மதம் வேணும்.

பேரை விட்டுட்டு "ஒரு தாயார் மகனுக்காக"ன்னு வாசிச்சா போதும்னு தோணும். போதாது. பதினஞ்சு வீட்டுல சென்னையில வேலை பார்க்குற கல்யாணமாகாத பையன் எத்தனை பேரு? கூட்டம் முடிஞ்சு செருப்பு மாட்டுறதுக்குள்ள கண்டுபிடிச்சிருவாவ. அடுத்து வாட்ஸ்அப் ஜெபக்குழு, அதுக்கடுத்து சபை விருந்தான அசனப் பந்தி. தங்கச்சி இருந்தா அவளுக்கு வர்ற வரன்காரங்க காதுக்கும் போகும். கடைசியா அந்தப் பையனுக்கே யாராவது சித்தப்பா மகன் போன் போட்டுச் சொல்லுவான். அன்னையோட அவன் அம்மாவுக்குப் போன் பண்ணுறதை நிறுத்திருவான். நம்பி வாயைத் திறந்தது அவங்ககிட்ட மட்டுந்தானே.

அதனால சீட்டை அம்மா கையிலேயே திருப்பிக் குடுங்க. கூட்டத்துக்கு முன்னாலேயே, தனியா. சீட்டைப் பார்த்தவங்க யார்யாருன்னு எண்ணி, ஒவ்வொருத்தர்கிட்டயும் நேர்ல பேசி, செய்தி வெளியே போகாம அடைச்சிருங்க. வேற ஒரு நாள் நம்பிக்கையான ஒரு அக்காவைக் கூட்டிட்டு அவங்க வீட்டுக்குப் போயி ஜெபம் பண்ணுங்க. சேகரகுருகிட்ட சொல்லணும்னாலும் அம்மாவே சொல்லட்டும்.

வேதவகுப்பு:
வசனத்தைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். ஆணோடு ஆண் சேரும் செயலைப் பாவமென்று வாசிக்கும் பழைய விளக்கத்தையே நான் ஏற்கிறேன், இதை மறைக்கவில்லை. ஆனால் வசனத்தை முழுசாக வாசிக்க வேண்டும்.

1 கொரிந்தியர் 6:9-10இல் பத்து வகையினர் இருக்கிறார்கள். "ஆண்புணர்ச்சிக்காரர்" ஐந்தாவது. பொருளாசைக்காரர் ஏழாவது, உதாசினர் ஒன்பதாவது. உதாசினர் என்றால் பிறரைத் தூற்றுகிறவர்கள். ஐந்தாவதுக்கு உபவாசம் கூட்டுகிற சபை ஏழாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் கூட்டியதுண்டா? ஐந்தாவதுக்குக் கிரேக்கத்தில், இந்த நிருபத்தை எழுதிய பவுல் போட்ட சொல் அவருக்கு முந்தைய எழுத்துகளில் கிடைப்பதில்லை. ஆண், படுக்கை என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. அதன் பொருள் எதுவரை நீளும் என்று வேத அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. எப்படி எடுத்தாலும் அங்கே பேசப்படுவது செயல். நாட்டம் இருக்கிறது என்று தாயிடம் சொன்னதைச் செயலாக எண்ணக் கூடாது.

ஒரே பாலார் இச்சையைப் பேசும் ரோமர் 1:26-27ஐ வாசிப்பவர்கள் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். 29, 30ஆம் வசனங்களில் புறங்கூறுகிறவர்கள் வருகிறார்கள். 2:1இல் மற்றவர்களைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவனுக்குப் போக்குச்சொல்ல இடமில்லை என்கிறார். அதிகாரப் பிரிவு பவுல் போட்டதல்ல. அவருக்கு இது ஒரே மூச்சு. இந்தப் பாவத்துக்காக அழிந்த ஊர் என்று காட்டப்படும் சோதோமின் அக்கிரமத்தை எசேக்கியேல் 16:49 பட்டியலிடுகிறது: கர்வம், வயிறு நிறைந்த நிர்விசாரம் (கவலையின்மை), எளியவனின் கையைப் பலப்படுத்தாதது.

மத்தேயு 18:15ஐக் காட்டி "கண்டிக்கணும்" என்பார்கள். அது உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தவனைப் பற்றியது. அதற்கும் முதல் படி, நீயும் அவனும் தனித்திருக்கையில்.

ஹைகிரவுண்ட்_வார்டு:
விடுதலை ஜெபம்னு கூட்டிட்டுப் போறதுல என்ன ஆபத்துன்னு சொல்லணும். மூணு நாள் சாப்பாடு இல்லாம இருக்க வச்சு, போனைப் பிடுங்கி, மாத்திரையையும் நிறுத்தச் சொன்னா, வலிப்புக்கு மருந்து எடுக்கிறவங்களுக்கு மறுபடி வலிப்பு வரும். இன்சுலின் போடுறவங்களுக்கு உயிருக்கே ஆபத்து. இந்த நாட்டம் பேயும் இல்ல, நோயும் இல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990லேயே நோய்ப்பட்டியல்ல இருந்து எடுத்திருச்சு. 2021 ஜூன் 7ல சென்னை உயர்நீதிமன்றம் இதை மாத்துறதுக்கான சிகிச்சைக்குத் தடை போட்டது. 2022ல தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் செய்யுற டாக்டர் தொழில் ஒழுக்கம் மீறினவர்னு அறிவிச்சது. மனநலச் சட்டம் 2017ன்படி, சமுதாயத்தோட மத நம்பிக்கைக்கு ஒத்துவரலைங்கிறதை வச்சு ஒருத்தரை மனநோயாளின்னு முடிவு பண்ண முடியாது. வயசு வந்தவனை வீட்டுல அடைச்சு வச்சா அதுவும் குற்றம்.

"கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிரும்"னு யாராவது சொன்னா கண்டிப்பா தடுங்க. சரியாகாது. ஒண்ணுமறியாத ஒரு பொண்ணு வாழ்க்கையும் சேர்ந்து போகும்.

பையன் ஊருக்கு வந்திருக்கும்போது சாப்பிடாம, தூங்காம, "நான் இருந்து என்ன"ன்னு பேசினா தனியா விடாதீங்க. தோட்டத்துக்கு வாங்கின பூச்சிமருந்து வீட்டுல இருந்தா அன்னைக்கே வெளியேத்துங்க. அரசு மனநல உதவி எண் 14416ல ராத்திரியும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது.

மேலப்பாளையத்தான்:
எங்க பக்கமும் இதே பேச்சு வரும். மார்க்கத்துல அந்தச் செயல் ஹராம், அதுல மாத்துக்கருத்து சொல்லல. ஆனா குர்ஆன் 49:12 துருவித் துருவி ஆராயாதீங்க, புறம் பேசாதீங்கன்னு சொல்லுது. புறம் பேசுறது செத்துப்போன சகோதரனோட மாமிசத்தைத் தின்கிற மாதிரின்னும் சொல்லுது. 24:4ல கற்புள்ள பெண்மேல பழி சொல்லி நாலு சாட்சி கொண்டு வராதவனுக்கு எண்பது கசையடி. ஒரு ஆளோட மானத்துக்கு அவ்வளவு காவல் இருக்கு, அண்ணாச்சி.

பாளை_வீட்டுஜெபம்:
சீட்டைத் திருப்பிக் குடுத்தாச்சு. பார்த்தவங்க மூணு பேரு, மூணு பேர்கிட்டயும் பேசியாச்சு. இனி சீட்டே வேண்டாம்னு முடிவு. அவங்கவங்க தன் காரியத்தை மட்டும் வாயால சொல்லணும். இன்னொண்ணு: பையன் கிறிஸ்துமஸுக்கு வாரான். வருஷா வருஷம் கீத பவனியில (கிறிஸ்துமஸ் பாட்டு நிகழ்ச்சியில) பாடுறவன். இந்தத் தடவை கூப்பிடலாமா?

சேகரவாசி:
கூப்பிடுங்க. எப்பவும் யார் போன் பண்ணிக் கூப்பிடுவாங்களோ அவங்களே பண்ணட்டும். புதுசா யாரும் போய் அன்பு காட்டுனா அவனுக்குச் சந்தேகம் வந்துரும். டெனர் (ஆண்கள்ல உச்சக்குரல்) பாடினான்னா இந்த வருஷமும் டெனர்தான். ஒத்திகை என்னைக்குன்னு மட்டும் சொல்லுங்க.