‘குத்தூசி இழையச் சோதனை’ சரிவருமா?

அன்பின் நண்பர்களுக்கு,

முன்னிற்குஞ் சுரப்பியில் (புரொஸ்டேட்) புற்றுநோய் உண்டா என்று பார்க்கச் சிறு இழையத் துண்டு எடுத்துச் சோதிக்கும் பயொப்ஸியை ‘இழையக் கொய்வு’ எனலாம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல். ஆனால் கொய்வது பூவையும் தளிரையும், கைக்கு எட்டும் நுனியை. இந்தச் சுரப்பியோ சலப்பைக்குக் கீழே, உள்ளே கிடக்கிறது. கொட்டைப்பாக்கைவிடச் சற்றுப் பெரியது, வயதோடு வீங்கும். அதனால் ‘குத்தூசி இழையச் சோதனை’ என்றால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

காரைதீவில் என் மாமா அரிசி ஆலைக்கு நெல் வாங்கியே நரைத்தவர். இரத்தத்தில் பீ.எஸ்.ஏ. (இந்தச் சுரப்பியிலிருந்து வரும் ஒரு புரதம்) கூடியிருக்கு, பயொப்ஸி செய்யவேணும் என்றதும் பெரிய ஒபரேசன் என்று எண்ணி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “மாமா, மூட்டைக்குள்ள குத்தூசி விட்டு நெல் எடுத்துப் பார்ப்பீங்களே, அதுதான்” என்றேன். உடனே கேட்டார்: “எத்தனை இடத்தில குத்துவாங்க?”

வேலை தெரிந்தவரின் கேள்வி அது. மூட்டையின் வாயில் மட்டும் குத்தினால் அடியில் கிடக்கும் ஈரநெல் தெரியாது. அதனால்தான் ஸ்கானில் பார்த்தபடி சுரப்பியின் இரு பக்கமும் வழமையாக 10 முதல் 12 இடங்களில் எடுக்கிறார்கள். கருவியும் கிட்டத்தட்ட அதே அமைப்பு: ஊசியின் பக்கத்தில் ஒரு பள்ளம், அதில் இழையம் இறங்கியதும் வெளிக்குழல் பாய்ந்து அரிந்து மூடும். நூல்போல ஒரு துண்டு வரும். அப்படியும் தப்பிப்போகலாம் என்பதால் முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, ஐயமான இடத்தைக் குறிவைத்தும் எடுக்கிறார்கள். அதற்குக் ‘குறிக்குத்து’ போதும்.

சரி, ஊசி போகும் வழிக்கும் பெயர் வேண்டும். ‘நேர்குடல் வழி’ ஏற்கெனவே புழங்குகிறது. விதைப்பைக்கும் குதத்துக்கும் இடையிலுள்ள தோலூடாகப் போவதைக் ‘கவட்டு வழி’ என்போம். இரண்டையும் ஒரே பெயருக்குள் அடைக்கக் கூடாது. குடல் வழியே போகும் ஊசி கிருமியையும் கூட்டிச் செல்லலாம். கவட்டு வழியில் அந்த ஆபத்துக் குறைவு. சோதனைக்குப் பிறகு சலத்தில் கொஞ்சம் இரத்தம் தெரிவது வழமைதான், ஆனால் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போகவேணும். எந்த வழி என்று நோயாளிக்குத் தெரிந்திருப்பது அவசியம்.

‘குத்து’ பயமுறுத்தும் என்று ஒருவர் தயங்கினார். ஊசி குத்துறது என்று நாமெல்லாம் சொல்வதுதானே? மாமாவைப் பயமுறுத்தியது ‘பயொப்ஸி’தான்.

தமிழ்நாட்டு நண்பர்கள் ‘திசு’ என்பார்கள். நம் பாடநூல்களில் படித்த ‘இழையம்’ இங்கே இருக்கட்டும். சம்மாந்துறை, நிந்தவூர் ஆலைகளில் குத்தூசிக்கு வேறு பெயர் இருந்தால் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.