வேலையை விட்டுப் போனவர்கள் டேட்டாபேஸில் மட்டும் இன்னும் இருக்கிறார்கள்: என்ட்ரா ஐடி, போஸ்ட்கிரெஸ் உதவி தேவை

உட்லண்ட்ஸ்வாசி:
வணக்கம். ஜூரோங்கில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் ஐடி வேலை பார்க்கிறேன். ஊழியர் கணக்குகள் எல்லாம் மைக்ரோசாஃப்ட் என்ட்ரா ஐடியில் இருக்கின்றன. "நிதிப் பிரிவு ஃபோல்டரை யாரெல்லாம் திறக்கலாம்?" என்று தணிக்கைக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் போர்ட்டலில் குரூப் குரூப்பாகப் பார்த்து மாளாது. அதனால் ஒரு பைதான் ஸ்கிரிப்ட் தினமும் இரவில் கிராஃப் ஏபிஐ (என்ட்ரா தரவை ஸ்கிரிப்ட் படிக்க மைக்ரோசாஃப்ட் தரும் வழி) மூலம் யூசர், குரூப், உறுப்பினர் பட்டியலை எடுத்து போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் போடுகிறது. ஐடி ஏற்கெனவே இருந்தால் அப்டேட், இல்லாவிட்டால் இன்சர்ட்.

குவெரி போட்டால், போர்ட்டலில் நீக்கியவர்களும் வருகிறார்கள். நிதி ஃபோல்டரைத் தினமும் திறக்கிற சிலரோ வரவே இல்லை. லாகில் எர்ரர் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் அறிக்கை கொடுக்க வேண்டும். எங்கே பார்ப்பது?

லாக்பிரியன்:
இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்.

முதலாவது: நீக்கப்பட்டவர் அன்றைய பட்டியலில் வருவதே இல்லை. வராத ஒருவரின் வரிசையை அப்டேட், இன்சர்ட் இரண்டுமே தொடாது. அது அப்படியே கிடக்கும். எடுத்ததை முதலில் ஒரு தற்காலிக டேபிளில் கொட்டுங்கள். கடைசிப் பக்கம் வரை வந்து சேர்ந்த பிறகு, அதில் இல்லாதவர்களுக்கு மெயின் டேபிளில் 'நீக்கப்பட்ட தேதி' போடுங்கள். பாதியில் 429 (கோரிக்கைகள் அதிகம், பொறு என்ற பதில்) வந்து ஜாப் நின்றிருக்கும்போது இதைச் செய்தால் பாதி நிறுவனமே வேலையை விட்டதாகக் காட்டும்! 429 வந்தால் அதனுடன் வரும் 'ரீட்ரை ஆஃப்டர்' சொல்லும் நேரம் காத்திருந்து தொடருங்கள்.

வரிசையை அடியோடு அழிக்க வேண்டாம். நீக்கிய யூசரை 30 நாளுக்குள் மீட்கலாம், அதே ஐடியுடன் திரும்பி வருவார்.

இரண்டாவது: உறுப்பினர் பட்டியல் நேரடி உறுப்பினர்களை மட்டும்தான் தரும். குரூப்புக்குள் குரூப் இருந்தால் உள்ளே இருப்பவர்கள் வர மாட்டார்கள். 'டிரான்சிட்டிவ் மெம்பர்ஸ்' கேளுங்கள், அல்லது போஸ்ட்கிரெஸிலேயே ரிகர்சிவ் குவெரி (குரூப்புக்குள் குரூப்பாகத் தானே இறங்கிப் போகும் குவெரி) எழுதுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எந்தக் குரூப் வழியாக அனுமதி வந்தது என்றும் காட்ட முடியும், தணிக்கையில் அடுத்த கேள்வி அதுதான். அதில் 'யூனியன் ஆல்' வேண்டாம், ஏற்கெனவே வந்த வரிசையை விட்டுவிடும் 'யூனியன்' போதும். முழுப் பாதையையும் வரிசையில் சேர்க்காத வரை, குரூப்கள் ஒன்றுக்குள் ஒன்று சுற்றி வந்தாலும் மாட்டிக்கொள்ளாது.

பீஷான் அக்கா:
தம்பி சொன்னது சரி. இன்னொன்று, கணக்கு இயங்குகிறதா என்று காட்டும் 'அக்கவுண்ட் எனேபிள்ட்' என்ற புலத்தை 'செலக்ட்' போட்டுக் கேட்டால்தான் கிராஃப் தரும். வேலையை விட்டவரின் கணக்கை முதலில் முடக்கிவிட்டு அப்புறம்தானே நீக்குவார்கள்? அந்த இடைவெளியில் அவர் குரூப்பிலேயே இருப்பார். அறிக்கையில் அவரைத் தனியாகக் காட்டுங்கள்.

எச்ஆர் பட்டியலோடு சேர்க்கிறீர்களா? பெயரை வைத்துச் சேர்க்காதீர்கள். ஒரு பக்கம் 'எஸ்/ஓ' இருக்கும், மறுபக்கம் இருக்காது, நம்மவர்கள்தான் முதலில் விடுபடுவார்கள். மின்னஞ்சலும் மாறும். ஊழியர் எண் போதும். அடையாள அட்டை எண்ணை இந்த டேட்டாபேஸுக்குள் கொண்டு வரவே வேண்டாம். அதைச் சேகரிப்பது, பயன்படுத்துவது பற்றிய பிடிபிசி (சிங்கப்பூரின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையம்) வழிகாட்டுதல் 1 செப்டம்பர் 2019 முதல் கடுமையாக நடப்பில் இருக்கிறது.

உட்லண்ட்ஸ்வாசி:
ரொம்ப நன்றி. தற்காலிக டேபிள் முறைக்கு மாற்றிவிட்டேன், போனவர்கள் போய்விட்டார்கள். விடுபட்டவர்கள் எல்லாரும் நிதிக் குரூப்புக்குள் இருந்த 'வட்டார மேலாளர்கள்' குரூப்பில் இருந்தார்கள். டெல்டா குவெரிக்கு மாறினால் வேகமாக இருக்குமா?

லாக்பிரியன்:
இருக்கும், மாறியதை மட்டும்தான் தரும். நீக்கியவர்களையும் 'ரிமூவ்டு' குறியோடு அனுப்பும். காரணம் 'சேஞ்ச்டு' என்றால் மீட்கக்கூடியவர், 'டிலீட்டட்' என்றால் திரும்ப மாட்டார். ஆனால் கடைசியாக எதுவரை எடுத்தோம் என்று குறிக்கும் டோக்கன் 7 நாள்தான் செல்லும். சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஜாப் நின்று, அதை யாரும் கவனிக்காவிட்டால் முழுப் பட்டியலையும் மறுபடி எடுக்க வேண்டும். அந்த வழியைக் கோடில் இப்போதே வைத்துவிடுங்கள். அடுத்த வார அறிக்கைக்கு இப்போது ஓடுகிற முறையே போதும், அதுவரை டெல்டாவைத் தொடாதீர்கள்.