மலைச் சுற்றில் எதிர்ப்பட்டவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

தேர்ப்பேட்டைவாசி:

ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் மலையை நடைப்பயிற்சிக்கென்றே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருவன். சாமி கும்பிடுவது கூடுதல் லாபம். தேர்ப்பேட்டையில் கிளம்பி, படியேறி மேலே போய், வண்டிப் பாதை வழியாக இறங்கி வீட்டுக்கு வந்துவிடுவேன். படியில் ஏறலாம், இறங்கக் கூடாது என்பது என் முட்டி போட்ட சட்டம். இறங்கும்போதுதான் உடம்புப் பாரம் மொத்தமும் அதன் தலையில் விழுகிறது.

போன மாசியில் ஒரு ஞாயிறு, ஏழரை மணி இருக்கும். பனி விலகி அப்போதுதான் வெயில் உறைக்கத் தொடங்கியிருந்தது. இறக்கத்தில் ஒரு வளைவில் ஏழெட்டுப் பேர் கூட்டம். "பாம்பு, பாம்பு" என்று ஒரு பையன் கத்திக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால், சாலையோரப் பாறையில் அப்பிப் படுத்திருந்தது ஓர் உடும்பு. வாலைச் சேர்த்தால் என் இடுப்புயரம் வரும். பிளந்த நாக்கை அது நீட்டி நீட்டி இழுத்ததில்தான் பையன் மிரண்டிருக்கிறான். இராக்குளிரில் விறைத்த உடம்பு; வெயிலில் சூடேறும்வரை அதனால் வேகமாக ஓட முடியாது. அது தெரிந்தோ என்னவோ ஒருவர், "இடுப்பு வலிக்கு இந்தக் கறிதாண்ணா மருந்து" என்று சொல்லிக்கொண்டே சாக்குப்பை தேட ஆரம்பித்தார்.

1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடித்தால் கம்பி எண்ண வேண்டும் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். பூக்கூடையோடு மேலே போய்க்கொண்டிருந்த அவ்வா. "ஏம்ப்பா, சாமி வெயில் காயுது, கண்ணு தெரியலயா? தள்ளி நில்லுங்க."

அவ்வா சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை. சிவன் உடும்பாக உருவெடுத்து இந்த மலைக்கு வந்தார், பின்னாலேயே துரத்தி வந்த பார்வதிதான் இங்கே மரகதாம்பிகை என்பது தலபுராணம். சாக்குப்பை தேடியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சட்டம் பேசியிருந்தால் என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்திருப்பார்!

மாங்கனி ஊர்க்காரன்:

எங்கள் கிருஷ்ணகிரிக்கு சையத் பாஷா மலை. உடம்பில் விஜயநகர காலத்துக் கோட்டை, உச்சியில் தர்கா. 1791இல் ஆங்கிலேயப் படையே கீழே பேட்டையைப் பிடித்துவிட்டு மேலே ஏற முடியாமல் திரும்பிய இடம். அதனால் முதல் தடவை நான் பாதியில் திரும்பியதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

இரண்டாம் தடவை ஏறிவிட்டேன். இறங்கும்போதுதான் வினை. புது ஷூ வேறு. சரிவில் சர்ரென்று நான்கடி வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் தலையில் சீத்தாப்பழக் கூடையோடு, வெறுங்காலில், ஏதோ வீட்டு வாசலில் நடப்பதுபோல ஓர் அம்மா இறங்கிக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. "பாறை வழுக்கலை தம்பி, மேலே கிடக்கிற பொடிக்கல்லுதான் வழுக்குது. காலைப் பக்கவாட்டுல வெச்சு எறங்கு" என்றார். அப்படியே செய்தேன், அடி பிடித்தது.

கீழே வந்ததும் கூடையிலிருந்து கண் விரிந்த பழம் ஒன்றைக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. ஒரு நிபந்தனைதான்: "கொட்டையை இங்கயே துப்பிட்டுப் போ. நாளைக்கு மரம் வேணாமா?"

அரூர் அக்கா:

தீர்த்தமலையில் என்னை எதிர்கொண்டவர் நான்கு கால்காரர். பிளாஸ்டிக் கவர் சரசரத்தால் போதும், எங்கிருந்தோ வந்துவிடுகிறார். தேங்காய் மூடி போயிற்று, அப்புறம் கவரும் போயிற்று. இப்போதெல்லாம் துணிப்பைதான். கையில் தின்பண்டம் கொடுத்துப் பழக்கிய புண்ணியவான்களை நினைத்துக்கொண்டே படியேறுகிறேன்.

தேர்ப்பேட்டைவாசி:

அக்கா, எங்கள் மலையிலும் அவர் வகையறா உண்டு. நேற்றும் அந்த வளைவில் நின்று பார்த்தேன். பாறையில் மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு முழம் சாமந்தியும் சார்த்தியிருக்கிறார்கள். கூட்டம் கூடிவிட்டதால் உடும்புதான் அந்தப் பக்கமே வருவதில்லை.