கலைச்சொல்: ஃபீச்சரிங் – ‘விருந்துக்குரல்’ வேண்டாம், ‘பங்கேற்பு’ வைக்கலாம்

வணக்கம். பாட்டின் தலைப்பில் முதன்மைக் கலைஞர் பெயருக்குப் பின்னால் ‘ஃபீச்சரிங்’ (featuring) என்று போட்டு, கூடச் சேர்ந்த கலைஞரின் பெயரை எழுதுவார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற பேச்சில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஃபீச்சரிங் என்பதற்கு ‘விருந்துக்குரல்’ போதும். கேட்டதும் புரிகிறது.

புரிகிறது, சரி. ஆனால் ஐரோப்பிய நடனப் பாட்டுகளுக்கு வைத்துப் பார்த்தால் இந்தச் சொல் நிலைமையைத் தலைகீழாக்கிவிடுகிறது.

2009இல் வந்த ‘வென் லவ் டேக்ஸ் ஓவர்’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். முதலில் போடும் பெயர் பிரெஞ்சு டிஜே டேவிட் கெட்டாவுடையது. பாடியவர் அமெரிக்காவின் கெல்லி ரோலண்ட், டெஸ்டினிஸ் சைல்ட் குழுவில் இருந்தவர். பாட்டு முழுக்க அவர் குரல்தான். எழுதியவர்கள் பட்டியலிலும் அவர் இருக்கிறார். அவரை விருந்தாளி என்று எழுதினால், இடையில் நாலு வரி பாடிவிட்டுப் போனவர் என்றுதான் வாசகர் நினைப்பார்.

‘குரல்’ என்று மட்டும் போடலாம் என்ற யோசனை எனக்கும் பிடித்திருந்தது. அது இடிப்பது பிரெஞ்சு இசைக்குழு டாஃப்ட் பங்க்கின் ‘கெட் லக்கி’யில் (2013). ஃபாரல் வில்லியம்ஸ் பாடுகிறார், நைல் ராட்ஜர்ஸ் கிதார் வாசிக்கிறார். ஃபீச்சரிங் என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் இரண்டு பெயரும் வருகின்றன. கிதாரைக் குரல் என்று எழுத முடியாது.

அதனால் என் முன்மொழிவு ‘பங்கேற்பு’. ஆளைச் சுட்ட ‘பங்கேற்புக் கலைஞர்’. பாடினாலும் வாசித்தாலும் பொருந்தும், யாரையும் குறைக்காது.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பெயர் போடாமல் விட்டதால் இந்த இசையில் பாடகிகள் நிறையவே இழந்திருக்கிறார்கள். இத்தாலியின் பிளாக் பாக்ஸ் குழு 1989இல் வெளியிட்ட ‘ரைட் ஆன் டைம்’ பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் ஒலித்தது அமெரிக்கப் பாடகி லொலீட்டா ஹாலோவே 1980இல் பாடிய ‘லவ் சென்சேஷன்’ பாட்டிலிருந்து வெட்டி எடுத்த குரல். மேடையில் வாயசைத்தவர் வேறொரு பெண். அதே குழுவின் ‘எவ்ரிபடி எவ்ரிபடி’யைப் பாடிய மார்த்தா வாஷுக்கும் இதே கதிதான். அவர் வழக்குப் போட்டுத்தான் நியாயம் தேட வேண்டியிருந்தது. நம் சினிமாவிலும் நடிகர்கள் வாயசைக்கிறார்கள், ஆனால் பாடியது டி.எம்.எஸ் என்றும் சுசீலா என்றும் ஊருக்கே தெரியும். அங்கே அந்தப் பெயரைத்தான் மறைத்தார்கள்.

இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது. ஹாலோவே பங்கேற்கவில்லை, அவர் குரலை எடுத்துக்கொண்டார்கள். இதற்கும் ‘பங்கேற்பு’ என்று எழுதினால் அவருக்கு இன்னொரு முறை அநியாயம் செய்ததாகிவிடும். சாம்பிளுக்கு, அதாவது பழைய பதிவிலிருந்து இப்படி வெட்டி எடுத்துச் சேர்க்கும் ஒலிக்கு, தனிச்சொல் கட்டாயம் வேண்டும். இப்போதைக்கு ‘எடுத்தாண்ட ஒலி’ என்று வைத்திருக்கிறேன், நல்லது கிடைத்தால் மாற்றுவோம்.

அப்புறம், சுவீடனின் அவீச்சி வெளியிட்ட ‘வேக் மீ அப்’ (2013). பாடியவர் அமெரிக்காவின் அலோ பிளாக். வரிகளில் அவர் பங்கும் உண்டு. ஆனால் பாட்டின் தலைப்பில் அவர் பெயர் இல்லை. தலைப்பில் இல்லாததை நாமாகச் சேர்க்க முடியாது. எனவே நாம் எழுதும் பாட்டுப் பட்டியலில் ‘பாடியவர்’ என்று ஒரு கட்டம் தனியாக இருக்கட்டும். ‘பங்கேற்பு’ தலைப்பில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும்.

எழுதும் முறை: ‘கெட் லக்கி – டாஃப்ட் பங்க், பங்கேற்பு: ஃபாரல் வில்லியம்ஸ், நைல் ராட்ஜர்ஸ்’. மறுப்பு இருந்தால், இந்தச் சொல் எந்தப் பாட்டில் பொருந்தவில்லை என்று உதாரணத்தோடு எழுதுங்கள்.