வீட்டில் தனியாக இருக்கிறேன் என்றால் ‘அலோன்’ஆ ‘லோன்லி’யா?

இரவுப்பணி:
போன வாரம் நடந்த கூத்து இது. மனைவியும் மகனும் பத்து நாள் ஊருக்குப் போயிருக்கிறார்கள், வீட்டில் நான் மட்டும். வீடியோ காலில் மேலாளர் எப்படிப் போகிறது என்று கேட்டார். நானும் உற்சாகமாக, “ஐ ஆம் லோன்லி அட் ஹோம் திஸ் வீக்” என்றேன். சொல்ல வந்தது என்னவென்றால், வீட்டில் இடைஞ்சல் இல்லை, அந்த அறிக்கையை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுவேன். அவர் முகமே மாறிவிட்டது. கால் முடிந்த ஐந்தாவது நிமிடம் தனியாகக் கூப்பிட்டு, யாரிடமாவது மனம்விட்டுப் பேச வேண்டுமென்றால் தயங்காதீர்கள் என்கிறார். மதியம், இதுவரை என்னோடு ஒரு வார்த்தை பேசியிராத ஒருவர் பூனைப் படம் அனுப்பினார்.

அகராதியைப் புரட்டினால் அலோன் என்றாலும் தனி, லோன்லி என்றாலும் தனி. லோன்லினெஸ், சாலிட்யூட் இரண்டுக்கும் தனிமை. எதை எங்கே போடுவது என்று யாராவது சொல்லுங்களேன்.

பிழைதிருத்தி:
சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். இருபது வருஷமாக மொழிபெயர்ப்புகளைத் திருத்துவதுதான் என் பிழைப்பு. இந்தத் ‘தனிமை’ அடிக்கடி என் மேசைக்கு வந்துவிடும்.

அலோன் வெறும் தலைக்கணக்கு. பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதான். மனம் எப்படி இருக்கிறது என்று அது சொல்லாது. அந்தச் சொல் பிறந்ததே ‘ஆல்’, ‘ஒன்’ இரண்டும் ஒட்டித்தான். முழுக்க ஒற்றை ஆள், நம் தன்னந்தனி மாதிரி. பிறகு முன்னால் இருந்த ‘அ’ உதிர்ந்து ‘லோன்’ வந்தது (வங்கி லோன் இல்லை, தமிழில் எழுதினால் இந்த வம்பு). அதிலிருந்து லோன்லி. முதலில் அதுவும் துணையில்லாத, ஆளரவமற்ற என்றுதான் இருந்தது, ஏக்கம் பிற்பாடு ஏறியது. பழைய பொருள் இடங்களுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது. லோன்லி ரோடு என்றால் ஆள் நடமாட்டமில்லாத சாலை, சாலைக்கு ஒன்றும் துக்கமில்லை. ஆனால் மனிதர் வாயால் “ஐ ஆம் லோன்லி” என்றால், எனக்கு யாருமில்லையே என்று புலம்புவதாகத்தான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். உங்கள் மேலாளர் நல்லவர்.

சாலிட்யூட் லத்தீன் வழி. ‘சோலுஸ்’ என்றால் தனித்த. சோலோ, சீட்டாட்ட சாலிட்டேர் எல்லாம் அதே வேர். இது பெரும்பாலும் நாமே விரும்பி எடுத்துக்கொள்ளும் தனிமை. இதில்தான் எங்கள் ஆட்கள் வழுக்கி விழுவார்கள். ஒரு கையெழுத்துப் பிரதியில் ஒருவர் தினமும் விடியுமுன் எழுந்து, ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு மணி நேரம் யாரோடும் பேசாமல் இருக்கிறார். மூலத்தில் சாலிட்யூட். மொழிபெயர்த்தவர் ‘தனிமையில் வாடினார்’ என்று எழுதியிருந்தார். அடுத்த வரியிலேயே மனிதர் சீட்டியடித்துக்கொண்டு குளிக்கப் போகிறார்! வாடின ஆள் எதற்குச் சீட்டியடிக்கிறார் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். ‘தனிமையை அனுபவித்தார்’ என்று திரும்பி வந்தது.

அன்றைக்குத்தான் எனக்கே பிடிபட்டது. தமிழ் இந்த வித்தியாசத்தைப் பெயர்ச்சொல்லில் வைக்கவில்லை, பின்னால் வரும் வினையில் வைத்திருக்கிறது. தனிமை வாட்டும், கொல்லும் என்றால் லோன்லினெஸ். தனிமையை நாடுகிறார், தனிமை வாய்த்தது என்றால் சாலிட்யூட். ஆங்கிலத்தில் பெயரையே மாற்ற வேண்டும். அகராதி வினையைக் காட்டாமல் பெயரை மட்டும் கொடுப்பதால்தான் இந்தக் குழப்பம்.

இரண்டாம்பத்தி:
சாலிட்யூடுக்கு ‘ஏகாந்தம்’ என்ற சொல்லே இருக்கிறதே? எதற்கு வினையைத் தேட வேண்டும்?

இன்னொன்று. 2018இல் பிரிட்டனில் லோன்லினெஸுக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தார்கள், 2021இல் ஜப்பானிலும். சாலிட்யூடுக்கு அமைச்சர் என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வரும். ஆனால் அதே வேரிலிருந்து வந்த ‘சாலிட்டரி கன்ஃபைன்மென்ட்’ சிறையில் கொடுக்கும் தண்டனை. ஐசொலேஷன் வேறு குடும்பம், தீவைக் குறிக்கும் லத்தீன் ‘இன்சுலா’விலிருந்து வந்தது. தீவாக்கி விடுவது. 2020இல் எல்லோருக்கும் அந்தச் சொல் பழகிப் போனது.

பிழைதிருத்தி:
ஏகாந்தம் நல்ல சொல்தான். ஆனால் அதில் கொஞ்சம் காவி வாசனை. கதவைச் சாத்திக்கொண்டு வருமானவரிக் கணக்குப் போடுகிறவரை ஏகாந்தத்தில் இருந்தார் என்று எழுதினால் கேலியாகிவிடும். சாலிட்டரி விஷயம் சரி, பெயரடையானதும் அந்தச் சுகம் போய்விடுகிறது.

இரவுப்பணி:
ஓரளவு தெளிந்தது. “ஐ வொர்க்ட் லோன்லி” என்று சொல்லலாமா? ‘லி’ இருக்கிறதே.

பிழைதிருத்தி:
கூடாது. அந்த ‘லி’ ஏமாற்றும். ஃப்ரெண்ட்லி போல லோன்லியும் பெயரடை. வேலை செய்தேன் என்றால் “ஐ வொர்க்ட் அலோன்”. அப்புறம், அலோன் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் உட்காராது. அஸ்லீப், அலைவ் எல்லாம் அதே ஜாதி. ‘ஆன் அலோன் மேன்’ தப்பு. அந்த இடத்தில் லோன் போடலாம், சாலிட்டரி போடலாம். ஒரு எச்சரிக்கை, “லீவ் மீ அலோன்” என்றால் என்னைத் தனியே விட்டுப் போ என்பது மட்டுமில்லை, தொந்தரவு பண்ணாதே என்பதும்தான். மேலாளரிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.

நீங்கள் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது “ஐ ஹாவ் த ஹவுஸ் டு மைசெல்ஃப்”. வீடு முழுக்க என் ராஜ்ஜியம் என்ற குஷி அதிலேயே இருக்கிறது. குஷி வேண்டாமென்றால் “ஐ ஆம் ஆன் மை ஓன் திஸ் வீக்”. ஆனால் ‘ஆன் மை ஓன்’ என்றால் யார் உதவியும் இல்லாமல் என்றும் பொருள் வரும், அறிக்கையைப் பற்றிப் பேசும்போது பார்த்துச் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
இன்று காலை அந்த ஹவுஸ் வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். மேலாளர் பெரிதாகச் சிரித்தார், அப்படியென்றால் அறிக்கை வியாழக்கிழமையே வந்துவிடுமே என்றார். லோன்லியாகவே இருந்திருக்கலாம்.

பூனைப் படத்துக்கு இன்னும் பதில் போடவில்லை. என்ன போடட்டும்?

இரண்டாம்பத்தி:
நன்றி சொல்லுங்கள், போதும். பூனை பெயர் என்ன என்று கேளுங்கள்.